‘ஒட்டியாச்சு சார், நிம்மதியா ஓட்டுங்க’: பழைய டியூபுலர் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கார்பன் டியூபுலர் சக்கரம் (டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டும் பந்தய சைக்கிள் சக்கரம்) பாதி விலைக்கு வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டில் கழித்துப்போட்ட சைக்கிள் சாமான்களை இறக்கி விற்கும் சென்னைக் கடை ஒன்றில் எனக்கு நடந்தது இது. கடைப் பெயரைப் போடவில்லை, வழக்கு வம்பெல்லாம் இழுத்துக்கொள்ள நேரமில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு வேறு கடையில் வேறு ஆள் இதே வசனத்தைப் பேசினாலும் உங்களுக்குப் பிடிபட வேண்டும்.

முதலில், இந்தச் சக்கரங்கள் ஏன் இப்போது இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன? பெரிய பந்தயங்களில் ஓடும் அணிகள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்கும் டியூப்லெஸ்ஸுக்கும் மாறிவிட்டன. பிரேக் கட்டை ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் டியூபுலர் சக்கரத்தை அங்கே சீந்துவார் இல்லை. அதனால் ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டி விற்றதெல்லாம் இங்கே முப்பது, நாற்பதாயிரத்துக்கு வந்து நிற்கிறது. நான் எடுத்தது 50 மி.மீ. உயர கார்பன் ரிம், முன்னும் பின்னும் சேர்த்து விலை 38,000 ரூபாய். கையில் தூக்கினால் எடையே தெரியாது. மலையேற எடை குறைந்த சக்கரம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அதைக் கீழே வைக்க மனம் வருமா?

கடைக்காரர் சொன்ன முதல் வசனம்: “டியூபுலர்தான் சார், ஆனா பின்னாடி வேணும்னா சாதா டயரும் இதுலயே போட்டுக்கலாம்.” பச்சைப் பொய். சாதா டயர், அதாவது கிளிஞ்சர், ரிம்மின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டியூபுலர் ரிம்மில் அந்த ஓரமே கிடையாது. மேல்பக்கம் ஆழமில்லாத வாய்க்கால்போல் குழிந்திருக்கும், அவ்வளவுதான். டியூபை உள்ளே வைத்துத் தைத்து மூடிய டயரை அந்தக் குழியில் பசை போட்டு ஒட்ட வேண்டும். எந்தக் கொம்பனாலும் அதில் கிளிஞ்சர் மாட்ட முடியாது. இந்த ஒரு வசனத்தைக் கேட்டாலே கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பேசுகிறார்.

இரண்டாவது: “டயர் புதுசு சார், பாருங்க எப்படி மின்னுது.” மின்னத்தான் செய்தது. காருக்குப் போடும் டயர் பாலிஷைப் பக்கச்சுவரில் தேய்த்திருந்தார்கள் என்பது பிறகு துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துணி கறுத்ததும் அடியில் நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு. போதாக்குறைக்கு அந்த பாலிஷ் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்திலும் வழிந்திருந்தது. பிரேக் ஏன் முதலில் வழுக்குகிறது என்று குழம்பிப்போயிருந்தேன்.

மூன்றாவதுதான் உயிரோடு விளையாடியது. “இத்தாலி பசை போட்டு ஒட்டியாச்சு சார், நிம்மதியா ஓட்டுங்க.” விட்டோரியா மாஸ்டிக் என்ற பசை டியூப் ஒன்றைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டவும் செய்தார். இதையே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார். அந்த மெசேஜ் பிறகு எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஈ.சி.ஆரில் ஓட்டியவரை எந்தக் குறையும் தெரியவில்லை. அதில்தான் சூட்சுமம். காற்று முழுதாக இருக்கும்போது டியூபுலர் டயரின் துணி சுருங்கி ரிம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசை சரியில்லாத டயரும் ஒட்டியது மாதிரியே நிற்கும். நேர் ரோடு, எப்போதாவது ஒரு பிரேக், காலை நேரத்துக் குளிர்ச்சி என்றால் குட்டு வெளிப்படாது. வெளிப்பட்டது ஏலகிரியில். ஏறும்போது சொர்க்கம்தான், அதை மறுக்கவில்லை. இறங்கும்போது புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பாதி இறங்குவதற்குள் முன் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ‘டப்... டப்...’ என்று ஒரு சத்தம், கைப்பிடியில் ஓர் அதிர்வு.

ஓரம் கட்டிப் பார்த்தேன். வால்வு நேராக நிற்காமல் பக்கத்து ஸ்போக்கைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தது. வால்வை ஒட்டி டயர் ஒரு பக்கம் சுருக்கம் விழுந்து குவிந்திருந்தது. அதாவது ரிம்மும் டயரும் தனித்தனியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பிரேக் ரிம்மைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, ரோடு டயரை முன்னே இழுக்கிறது. நடுவில் இருப்பது பசை மட்டும். ரிம்மைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. கார்பன் சூட்டைச் சட்டென்று வெளியே விடாது, அந்தச் சூடு முழுக்கப் பசைக்குத்தான் போகும். காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் டயரின் ஓரத்தை அழுத்தினேன். தோசைக் கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் கிளம்பி வந்தது.

அதற்கு மேல் ஓட்டவில்லை. அடிவாரம் வரை காய்கறி வண்டி ஒன்றில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்தேன். வளைவில் வண்டியைச் சாய்க்கும் நேரத்தில் அந்த டயர் கழன்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், ஜூலை 14, காப் நகருக்கு இறங்கும் சாலை. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோகியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, டியூபுலர் ரிம்மை விட்டுக் கழன்றது, ஆள் தூக்கி அடிக்கப்பட்டார். தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. பின்னால் வந்த, முதலிடத்தில் இருந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் வயலுக்குள் சைக்கிளை விட்டுக் குறுக்கே ஓட்டித் தப்பித்ததைத்தான் இன்றைக்கும் எல்லோரும் வீடியோ போட்டுப் பார்க்கிறார்கள். பெலோகி அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தேர்ந்த மெக்கானிக் ஒட்டிய டயருக்கே தார் இளகும் வெயிலில் அந்த கதி. நம் ஊர் வெயில் தெரியும் இல்லையா?

சென்னை வந்ததும், ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டி, தன் டியூபுலரைத் தானே பிரித்துப் பஞ்சர் ஒட்டித் தைத்தும் பழகிய பெரியவர் ஒருவரிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். டயரை உரித்து ரிம்மை வெளிச்சத்தில் திருப்பினார். அடியில் முந்தைய சொந்தக்காரர் காலத்துப் பசை, பழுப்பாகக் காய்ந்து பொருக்குப் பொருக்காக. சுத்தமே செய்யவில்லை. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு, பாம்பு போன தடம்போல வளைந்து வளைந்து. டயரின் அடித்துணி பல இடங்களில் வெள்ளை வெளேர் என்று இருந்தது, பசை தொடவே இல்லை. வால்வைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுமே கிடையாது. பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது செருப்புத் தைக்கிற கடைப் பசை. சூடு பட்டா இளகும்” என்றார். எவ்வளவு நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் என்றேன். “அப்ப அவன் ஒட்டவே இல்ல.”

அவர் செய்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி, கார்பனில் கீறல் விழாமல், அசிட்டோன் துணியால் துடைத்தார். புது டயரைப் பசையில்லாமல் வெறும் ரிம்மில் மாட்டிக் காற்றடித்து, விரிந்து கொடுக்கட்டும் என்று ஒரு நாள் போட்டுவைத்தார். பிறகு ரிம்மில் மெல்லிசாக ஒரு பூச்சு, அடித்துணியில் ஒரு பூச்சு. இராத்திரி காய விட்டார். மறுநாள் மறுபடியும். கடைசியாக ரிம்மில் ஈரப் பூச்சு போட்டு, வால்விலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே வந்து டயரை மாட்டினார். கொஞ்சம் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நெளிவு தெரியும் இடத்தில் டயரைத் தூக்கித் திருத்தி உட்கார வைத்தார். அப்புறம் நிறையக் காற்று, ஒரு முழு நாள் தொடக் கூடாது. ஒரு சக்கரத்துக்கே ஏறக்குறைய ஒரு 30 கிராம் டியூப் பசை காலி. பசைக்குப் பதில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பும் வருகிறது, டுஃபோ, எஃபெட்டோ மரிபோசா போன்றவர்கள் விற்கிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் பிரித்து மறுபடி ஒட்டுவதற்குப் பசைதான் வசதி என்பது அவர் கட்சி.

நான்காவது வசனம் பாக்கி இருக்கிறது. “பஞ்சர் ஆனா சீலன்ட் ஊத்துங்க சார், தானா அடைஞ்சிரும்.” சீலன்ட் என்பது டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம். முள் குத்திய சின்ன ஓட்டை என்றால் அடையும். கண்ணாடிச் சில்லு கிழித்தால் அடையாது. சீலன்ட் ஊற்ற வேண்டுமென்றால் வால்வின் உள்பாகம் கழலுகிற மாதிரி இருக்க வேண்டும். அவர் கொடுத்த பின் டயரில் அது கழலவே இல்லை! கோவளம் பக்கத்தில் அது காற்று இறங்கியபோது ஒரு பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டியூப் எங்கண்ணா இருக்கு?” என்றான். அவன் மேல் என்ன குற்றம்? டியூபுலர் ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே பசை பூசிக் காய்ந்த ஸ்பேர் டயர் ஒன்றை மடித்து சீட்டுக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். வழியில் மாற்றினால் அந்தப் பழைய பசையின் ஒட்டுதலில் வளைவுகளில் மெதுவாக வீடு வந்து சேரலாம். அப்படி ஒரு ஸ்பேர் வேண்டும் என்று சொன்னால் வியாபாரம் படியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

திரும்பப் போய்க் கேட்டேன். “கார்பன் ரிம்னா மலையில சூடாகத்தான் ப்ரோ செய்யும், நீங்க ஓட்டுன விதம் அப்படி.” வாங்கும்வரை சார், இப்போது ப்ரோ. அலமாரியில் அந்த இத்தாலி பசை டியூப் அதே இடத்தில் இருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தேன், வாயில் இருந்த சீல்கூட உடையவில்லை. அதைக் காட்டியதும் கடைப் பையனை உள்ளே போகச் சொல்லிவிட்டு, “வேணும்னா இருபதுக்கு நானே எடுத்துக்கறேன்” என்றார். பில்லும் கிடையாது, வெள்ளைத் தாளில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். யுபிஐ ரசீது, அந்த வாய்ஸ் மெசேஜ், உரித்த டயரின் படங்கள், இவ்வளவுதான் கையில் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் கடைக்கு எழுதினேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும், வக்கீலும் கட்டாயமில்லை. இது தெரிந்ததும் பேச்சில் பணிவு வந்தது. டயர், ஒட்டுகூலி என்று வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சக்கரத்தை நானே வைத்துக்கொண்டேன், பெரியவர் ஒட்டிய டயரோடு இப்போது ஓடுகிறது. டியூபுலர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒழுங்காக ஒட்டியிருந்தால் காற்று போனாலும் ரிம்மைவிட்டு விலகாது, பள்ளத்தில் இடித்து டியூப் நசுங்குவதும் அரிது.

இப்போது அதே கடை விற்பனைக் குழுக்களில் இன்னொரு ஜோடியைப் போட்டிருக்கிறது, “புதுசா ஒட்டியது, உடனே ஓட்டலாம்” என்று. பார்க்கப் போகிறவர்கள் காற்று நிரம்பிய டயரைத் தட்டிப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். முழுக் காற்றையும் இறக்கச் சொல்லி, சுற்றிலும், முக்கியமாக வால்வுக்குப் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும், கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். பக்கச்சுவரை ஈரத் துணியால் துடையுங்கள். ஒட்டியது யார், என்றைக்கு, எந்தப் பசை என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்திலோ குரலிலோ வாங்கிக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்கள். காற்றை இறக்க மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். இறக்கிக் காட்டி ஒட்டியிருந்தாலும், மலைக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒட்டுகூலியைத் தனியாக எடுத்துவைத்து, தெரிந்த ஆளிடம் மறுபடி ஒட்டிவிடுங்கள்.