கமோடோர் 64: தானே மெட்டுக் கட்டும் கணினி

தானாக மெட்டுக் கட்டும் நிரல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இன்னமும் கமோடோர் 64தான். 1982ல் வந்த வீட்டுக் கணினி. பாப் யானஸ் வடிவமைத்த சிட் 6581 என்ற ஒலிச் சில்லுதான் அதன் உயிர். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய மூன்று குரல்கள், நான்கு வகை அலைகள், மூன்றுக்கும் பொதுவாக ஒலியை வடிகட்டும் ஒரு ஃபில்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது குரல். அதுவும் அதன் வாயை மூடிய பிறகு. நினைவக முகவரி 54287ல் 255, 54290ல் 128 என்று “போக்” செய்தால் (அதாவது அந்த எண்ணை எழுதினால்) அதில் இரைச்சல் அலை ஓடத் தொடங்கும். 54296ல் 143 போட்டதும் வெளியே கேட்காது, உள்ளே மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது 54299ஐ “பீக்” செய்யுங்கள், அதாவது அங்கே என்ன எண் இருக்கிறது என்று படியுங்கள். ஒவ்வொரு முறையும் 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண் வரும். இசைச் சில்லுக்குள்ளேயே பகடை!

அந்த எண்ணை அப்படியே சுரமாக்கினால் கேட்கச் சகிக்காது. ச ரி க ப த என ஐந்து சுரங்களை இரண்டு ஸ்தாயிக்கு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். எண் 128க்குக் கீழே இருந்தால் ஒரு படி இறங்கு, இல்லாவிட்டால் ஒரு படி ஏறு, ஓரம் வந்தால் திரும்பு. அவ்வளவுதான், மெட்டு பிறந்துவிடும். இரண்டாவது குரலில் ச-வை நிறுத்தி வைத்தால், முதல் குரல் அதைவிட்டு விலகுவதும் வந்து சேர்வதும் அத்தனை அழகாகக் கேட்கும். 240ஐத் தாண்டினால் மௌனம் என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பாட்டுக்கு மூச்சு வந்துவிட்டது.

சரி, குறைகள். இதன் நிரல்மொழியான பேசிக்கில் இசைக்கென்று ஒரு கட்டளைகூடக் கிடையாது. வேகமும் குறைவு, அதனால் சுர எண்களை முன்கூட்டியே கணக்கிட்டு, நிரலிலேயே எண்களைச் சேமிக்கும் டேட்டா வரிகளில் வைத்துவிடுங்கள். தாளத்துக்கு, சும்மா எண்ணி நேரம் கடத்தும் வெற்று ஃபார் சுற்றை நம்பாமல் கணினிக்குள் ஓடும் டிஐ கடிகாரத்தைப் பாருங்கள். இன்னொன்று: 440 ஹெர்ட்ஸுக்கான சுர எண், பால் (PAL) என்ற டிவி முறைக்கான கணினியில் 7493, என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறைக்கானதில் 7218. அட்டவணை மாறிவிட்டால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் நகர்ந்துவிடும்.

6581ன் ஃபில்டர் சில்லுக்குச் சில்லு வேறுபடும். பின்னால் வந்த 8580 சில்லில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் 6581ன் கரகரப்பு இல்லாமல் எனக்கு ஆகாது.

வாங்குகிறவர்கள் கூடவே வரும் பழைய மின் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அது பழுதாகி 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பினால் நினைவகச் சில்லுகள் போய்விடும். புது அடாப்டர் கைக்கு வந்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.