அத்தையின் டி.என்.ஏ.வும் சின்னத் தாத்தாவின் கொழும்புப் பயணமும்

குடும்ப வரலாற்றுக்காக டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்வது பயன் தருமா என்று உறவினர் பலர் கேட்டுவருவதால், சில ஆண்டுகளாக அதைப் பயன்படுத்திவரும் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். எனக்கிருந்த கேள்வி ஒன்றே. 1920களில் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காட்டிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறிய சின்னத் தாத்தா, அதாவது தாத்தாவின் உடன்பிறந்த தம்பி, என்ன ஆனார்? காய்ச்சலில் இறந்துபோனார் என்பது ஒரு பேச்சு; இலங்கை மலைநாட்டில் கடை வைத்துக் குடும்பமாகிவிட்டார் என்பது மற்றொன்று. வியாபாரத்துக்காகப் போய்வந்துகொண்டிருந்த தாத்தாவே அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார், பழியைத் தம்பி தலையில் போட்டுவிட்டார் என்று தணிந்த குரலில் சொன்னவர்களும் உண்டு.

பரிசோதனை நிறுவனங்கள் முதலில் காட்டுவது பூர்விக விழுக்காடு. அதில் நமக்கு ஒன்றும் இல்லை. தென்னிந்தியா என்றும் இலங்கை என்றும் வண்ணம் தீட்டிய வரைபடம் வரும். ஒப்பீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் மாதிரிகள் மாறும்போதெல்லாம் விழுக்காடும் மாறும். தந்தைவழி ஒய் குரோமோசோமும் தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தைச் சொல்லுமேயன்றி, நூறாண்டுக்கு முன் காணாமற்போன ஒருவரைத் தேட எனக்கு உதவவில்லை. உண்மையில் பயன்பட்டது, இரு வழியாகவும் வரும் 22 இணைக் குரோமோசோம்களை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டு, பொதுவாக உள்ள பகுதியைச் சென்டிமார்கன் என்னும் அளவில் (எண் கூடினால் உறவு நெருக்கம்) தரும் உறவுப் பட்டியல்தான்.

அந்தப் பட்டியலில் ஒரு நாள் கனடாவில் வாழும் ஓர் அம்மையார் வந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவானது ஏறத்தாழ 350 சென்டிமார்கன். தம் தாயின் தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இலங்கை மலைநாட்டுப் பதுளையில் கடை வைத்திருந்தவர் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. அவர் சின்னத் தாத்தாவின் பேத்தியானால் எனக்கு இரண்டாம் நிலை ஒன்றுவிட்ட சகோதரி (செகண்ட் கசின்); அதற்குச் சராசரி 230 அளவில் இருக்கும். என் தாத்தாவுக்கே பேத்தியானால், பாட்டி வேறான நிலையில், சராசரி 450 அளவில் இருக்கும். 350 என்பது இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டுக்கும் இடம் கொடுத்தது. அதோடு என் அப்பா தம் அக்காள் மகளையே மணந்தவர். பெரிய அத்தையே எனக்கு ஆச்சியும் ஆவார். ஆகவே தாத்தா வீட்டு இரத்தம் எனக்கு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வருகிறது, எண்ணும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது. நிறுவனம் போட்டுத்தரும் உறவுப் பெயரோ தாய்வீடும் தந்தைவீடும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது. பல நிறுவனங்களில் பெற்ற டி.என்.ஏ. தரவை ஏற்றி ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் இணையதளத்தில், பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவினரா என்று சோதிக்கும் கருவி ஒன்று உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் ஊரில் அது என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வழி காட்டியவர் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சின்ன அத்தை. எண்பதைக் கடந்தவர். தாத்தாவின் மகளாதலால் ஒரு தலைமுறை மேலே நிற்பவர், அவருடைய பெற்றோர் தமக்குள் உறவினரும் அல்லர். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுக்க வேண்டும், அதற்கு முன் அரைமணி நேரமேனும் எதுவும் உண்ணக்கூடாது. வெற்றிலை இல்லாமல் அந்த அரைமணியைக் கடத்துவது அத்தைக்குப் பெரும்பாடாக இருந்தது. மூன்று முறை வாய்கொப்பளித்த பிறகும் முதல் குச்சியின் நுனியில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. "செத்தவன் கணக்கப் பாத்து என்னய்யா செய்யப் போற?" என்று கேட்டுக்கொண்டேதான் இரண்டாவது குச்சிக்கு வாயைத் திறந்தார்.

அத்தைக்கும் கனடா அம்மையாருக்கும் பொதுவானது ஏறத்தாழ 440 என்று வந்தது. அம்மையார் தாத்தாவின் பேத்தியாக இருந்திருந்தால் அத்தைக்கு அவர் மாற்றாந்தாய்வழிச் சகோதரியின் மகள். எண் 870ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். சித்தப்பாவின் பேத்தி என்றால் 430 அளவில் வரும். தாத்தா மீதிருந்த பேச்சு அன்றோடு அடங்கியது.

என்றாலும் எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு கட்டவில்லை. குடும்பப் பெயரை வைத்துத் தேடும் வெளிநாட்டு முறை, தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறும் நமக்கு ஒத்துவராது. ஆனால் பேரனுக்குத் தாத்தா பெயரிடும் வழக்கம் கைகொடுத்தது: அம்மையாரின் மூத்த மாமா மகனுக்குச் சின்னத் தாத்தாவின் பெயர். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தாவுக்குப் பொங்கலிட வேண்டும் என்று அவருடைய தாத்தா வற்புறுத்துவாராம். கோயில் எந்த ஊரில் என்பதுதான் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அதை அத்தை சொன்னார்.

செய்ய நினைப்பவர்கள் தங்களுக்கு முன் வீட்டு மூத்தவரைச் சோதிக்கட்டும். 20 சென்டிமார்கனுக்குக் குறைந்த பொருத்தங்களை நான் திரும்பியும் பார்ப்பதில்லை; ஒரே வட்டத்துக்குள் மணம் செய்துவந்த சமூகத்தில் அவை ஊரெல்லாம் கிடைக்கும். தரவு விஷயத்தில் எனக்கு நிம்மதி இல்லை. 23அண்ட்மீ என்னும் டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்தில் 2023ஆம் ஆண்டு சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன்பின் மூலத் தரவைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, தேவையில்லாத கணக்குகளை அழித்துவிட்டேன்.

அப்பாவைப் பெற்ற ஆச்சியின் அண்ணன் ரங்கூனிலிருந்து 1942இல் நடந்தே திரும்பினாரா, அவர் பெயரில் வந்து சேர்ந்தவர் வேறொருவரா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அதற்குச் சோதிக்க வேண்டியவர் அவருடைய மகன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் மறுபடி கேட்கவில்லை.