மரத்தரையா, டைல்ஸா, காவித்தரையா: நெல்லையில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு

பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் புதிதாக எழும்பும் சில அடுக்குமாடிகளில் படுக்கையறைக்கு மரத்தரை போட்டு, அதைக் காட்டியே வாடகையை ஏற்றிச் சொல்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாமிரபரணித் தண்ணீரில் வீடு கழுவிப் பழகிய ஊரில் அந்தத் தரையை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில், அது மரம்தானா? வாடகை வீடுகளில் இருப்பது பெரும்பாலும் லேமினேட். மர நாரை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டி, தேய்மானம் தாங்க ஒரு பூச்சும் கொடுத்திருப்பார்கள். ஒரே முடிச்சு, ஒரே ரேகை நாலைந்து பலகைக்கு ஒருமுறை திரும்ப வந்தால் அச்சு என்று தெரிந்துகொள்ளலாம். அசல் தேக்கு என்றால் கீறல் விழுந்தாலும் இழைத்து மெருகேற்றலாம். லேமினேட்டில் கீறல் விழுந்தால் பலகையை மாற்றுவதுதான் வழி. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வரும் வினைல் பலகை மரம் போலவே இருக்கும், தண்ணீருக்கும் பயப்படாது. வீட்டுக்காரரிடம் எது போட்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

லேமினேட்டின் எதிரி தண்ணீர். மூட்டு வழியாக ஈரம் இறங்கினால் பலகை உப்பும், காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் வீட்டுக்கு இது சரிப்படாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் ஆனி, ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்தால் மண் உள்ளே வரும். அதன் மேல் நாற்காலியை இழுத்தால் கோடு விழும். தரைத்தளம் என்றால் கரையானும் உண்டு. சுவரோரப் பட்டியில் மண் கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டை பக்கம் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றோரத் தரைத்தளத்தில் மரத்தரை போட்ட வீட்டை வாடகை குறைத்துக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம் என்பேன்.

மரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மார்கழியிலும் கால் சில்லிடாது, மூட்டுவலிக்காரர்களுக்கு இதம்.

டைல்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுவலாம், எண்ணெய் சிந்தினால் துடைக்கலாம். ஈரம் பட்டால் வழுக்கும், வயதானவர்கள் இருந்தால் வழவழப்பில்லாத ரகமா என்று பார்க்க வேண்டும். குறை என்றால் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும்.

என் ஓட்டு காவித்தரைக்குத்தான். பாளையங்கோட்டையிலும் டவுனிலும் பழைய தார்சா (முன்கூடம்) வைத்த வீடுகள் சில இன்னும் வாடகைக்கு வருகின்றன. சிமெண்டில் காவிப்பொடி கலந்து இழைத்த தரை, கால் பட்டுப் பட்டே மினுமினுப்பு ஏறியிருக்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் பாய்கூட விரிக்காமல் படுக்க இதற்கு ஈடு கிடையாது. வெடிப்பு விட்டால் மட்டும் சிக்கல். ஒட்டுப்போட்ட இடம் நிறம் சேராது, அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் இப்போது அரிது. வெடிப்பில் எறும்பு குடியேறியிருந்தால் வீட்டுக்காரர் பூசித் தந்த பிறகு குடிபோங்கள்.

மேல்மாடி, ரெண்டு பேர் குடித்தனம், ஏசி அறை என்றால் மரத்தரை வீட்டைத் தாராளமாக எடுக்கலாம். அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்யும்போது தரையைக் காட்டித்தான் அதில் பிடிப்பார்கள். அதனால் சாவி வாங்கும் அன்றைக்கே ஒவ்வொரு அறையிலும் ஏற்கெனவே உள்ள கீறல், உப்பல், வெடிப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.