எக்கோவுக்காகப் படகின் அடியில் ஓட்டை: யாருக்கு அவசியம், யாருக்கு வீண்வேலை

கடலடித் தரையையும் ஆழத்தையும் ஒலியால் அறிந்து திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் வாங்கப் போகிறவர்கள் திரையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை அங்குலம், கலரா, ஜிபிஎஸ் சேர்ந்து வருமா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது என்ற பேச்சு, பெட்டியைப் பிரித்த பிறகுதான் எழும். தரை தெளிவாகத் தெரியுமா, திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக இரையுமா என்பது பெரும்பாலும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

வழிகள் நான்கு. அடியைத் துளைத்துப் போடுவது, பின்பலகையில் பிராக்கெட் வைத்து மாட்டுவது, படகுக்கு உள்ளேயே அடித்தட்டில் ஒட்டுவது, கம்பில் கட்டிப் பக்கவாட்டில் இறக்குவது. கடையில் கேட்டால் துளைத்துப் போடுவதே பெஸ்ட் என்பார்கள். சிக்னலை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. படகு ராத்திரி எங்கே கிடக்கிறது? எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது? இதற்குப் பதில் சொன்னால் நான்கில் இரண்டு வழியாவது தானே கழன்றுவிடும்.

காசிமேடு, தூத்துக்குடி, சின்னமுட்டம் என்று துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உள்ளே, புரொப்பல்லர் பின்னால் அடியில். பின்பலகையில் மாட்டினால் புரொப்பல்லர் கலக்கிவிடும் நுரைக்குள்தான் டிரான்ஸ்டியூசர் கிடக்கும். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும்; குமிழி கலந்த தண்ணீரில் அது சிதறிப் பாதியிலேயே செத்துவிடும். சரி, உள்ளே ஒட்டலாம் என்றால் அடி மரம். மரத்தின் நாருக்குள் இருக்கும் காற்று ஒலியை விடாது. மேலே ஃபைபர் பூசியிருந்தாலும் அதே கதைதான். இரும்புப் படகானாலும் ஒட்டுவது சரிப்படாது. கம்பு விசைப்படகுக்கு விளையாட்டு. ஆக இங்கே ஒப்பிடவே ஒன்றுமில்லை, துளைத்துத்தான் ஆக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு எப்படியும் ஸ்லிப்பில், அதாவது படகைக் கரையேற்றும் சாய்தளத்தில், ஏறும். வேலையை அதோடு சேர்த்துக்கொண்டால் தனியாக ஏற்றுக்கூலி இல்லை.

மெரினா ஓரக் குப்பங்களிலும் இன்னும் பல ஊர்களிலும் மணலில் டிராக்டர் கட்டி இழுத்தேற்றும் ஃபைபர் போட்டுக்கு இதற்கு நேர் எதிர். தினமும் அடியே மணலில் தேய்கிறது. ஃபிளஷ் என்று விற்கும் டிரான்ஸ்டியூசருக்கும் சில மில்லிமீட்டர் விளிம்பு வெளியே நிற்கும். இழுக்கிற ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில்தான் மண் இடிக்கும். கசிவை அடைக்கும் சீலன்ட் பசையின் பிடிப்பு தளரத் தளர ஓட்டையின் வாய் வழியாகத் தண்ணீர் கசியும். இப்படிப்பட்ட படகில் அடியைத் துளைப்பதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன், எவ்வளவு பெரிய செட் வாங்கியிருந்தாலும் சரி.

படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் என்பதால் பின்பலகை இங்கே சாத்தியம்தான். புரொப்பல்லர் வட்டத்துக்கு அப்பால் குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளி, வலப்பக்கத்தில், முகம் மட்டும் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும். கொஞ்சம் மேலே போனால் காற்று குடிக்கும், அதிகம் இறங்கினால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சீறும். மடங்கும் பிராக்கெட்டாக இருந்தாலும் கரையேறும் அவசரத்தில் யார் குனிந்து அதை மடக்கப் போகிறார்கள்? குறைந்த செலவு, கெட்டால் அரை மணியில் மாற்றிவிடலாம் என்பது அதன் பலம். அலைவாயில் அடிபட்டு வருஷத்துக்கு ஒன்று போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அது பொருந்தும்.

கம்பைக் கேலி செய்ய வேண்டாம். பார் (கடலடிப் பாறைத் திட்டு) தேடிப் போய், எஞ்சினை அணைத்துத் தூண்டில் போடுகிறவருக்கு ஓடும்போது படம் எதற்கு? நிறுத்தியதும் இறக்குவார், பார்ப்பார், தூக்கி வைத்துவிடுவார். கரைக்கு வரும்போது டிரான்ஸ்டியூசர் வீட்டுக்கே போய்விடும். ஓடிக்கொண்டே பார்க்க நினைத்தால் மட்டும் கம்பு அதிரும், படம் உடையும்.

மணலில் இழுக்கும் போட்டுக்கு என் ஓட்டு உள்ளே ஒட்டுவதற்குத்தான். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு இருக்காது, கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடிக்காது, மண் தேய்க்காது. ஒரே நிபந்தனை, அந்த இடத்தில் அடி திடமான ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோமோ பிளைவுட்டோ வைத்துக் கட்டியிருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்த அறைகள் பல போட்டுகளில் உண்டு. அவற்றின் மேலே ஒட்டிப் பயனில்லை.

ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம், காசு செலவே இல்லை. ஆழம் தெரிந்த இடத்தில், எஞ்சினை நிறுத்திவிட்டு, டிரான்ஸ்டியூசரை முதலில் பக்கவாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் படத்தைப் பாருங்கள். கெயினை (திரும்பிவரும் ஒலியைப் பெருக்கும் அளவு) ஆட்டோவிலிருந்து எடுத்து ஓர் அளவில் நிறுத்துங்கள். தரைக் கோட்டுக்குக் கீழே, இரண்டு மடங்கு ஆழத்தில், மங்கலாக இன்னொரு தரை தெரியும். தரையில் பட்டு மேலே வந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதி மறுபடி இறங்கி ஏறுவதால் வருவது அது. இப்போது தடித்த பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை உள்ளே விட்டு, காற்றை வெளியேற்றி வாயைக் கட்டுங்கள். படகுக்கு உள்ளே ஒட்ட நினைக்கும் இடத்தைத் துடைத்து, அங்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பையை அழுத்தி வையுங்கள். கெயினைத் தொடக்கூடாது. முதல் தரை மெலிந்து, இரண்டாம் தரை லேசாகவாவது தெரிந்தால் அந்த இடம் தேறும். இரண்டாவது சுத்தமாகக் காணவில்லை என்றால் ஓர் அடி தள்ளிப் பாருங்கள். எங்கே வைத்தாலும் இல்லை என்றால் உங்கள் அடித்தட்டு இந்த வழிக்கு லாயக்கில்லை.

ஒட்டும்போது மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பசை வேண்டும். சீக்கிரம் இறுகுவது சூடேறிக் குமிழியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்பக்கத்துப் பெயின்டைச் சுரண்டி, ரெசினைக் குட்டை மாதிரி ஊற்றி, டிரான்ஸ்டியூசரைச் சாய்வாக இறக்கித் திருகிக்கொண்டே அழுத்தினால் அடியில் மாட்டிய காற்று ஓரமாக வெளியேறும். நஷ்டங்களும் உண்டு. ஃபைபரைக் கடந்து போகும்போதும் திரும்பும்போதும் ஒலி தேயும், ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு அது உறைக்கும். நேர் கீழேயும் பக்கவாட்டிலும் நுணுக்கமாகப் படம் காட்டும், 455, 800 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டவுன்வியூ, சைடுவியூ எதுவும் இதன் வழியாக வராது. வெப்பமானி கடலின் சூட்டைச் சொல்லாமல் படகு அடியின் சூட்டைச் சொல்லும்.

உண்மையான இழுபறி மூன்றாவது வகையில்தான்: உள்ளே எஞ்சின் வைத்து, துறைமுகத்திலேயே மிதந்து கிடக்கும் ஃபைபர் படகு. துளைக்கவும் செய்யலாம், ஒட்டவும் செய்யலாம். பாக் நீரிணை போல ஆழம் குறைந்த கடலில் 200 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுகிறவருக்கு ஒட்டியதே தாராளம், துளை வீண். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டுப் பக்கமோ அதையும் தாண்டியோ போகிறவர், 50 கிலோஹெர்ட்ஸில் ஒரு கிலோவாட் செட் போட்டிருந்தால், ஃபைபருக்குள் பவரைத் தொலைப்பதில் அர்த்தமில்லை. அவர் துளைக்கட்டும்.

துளைப்பது என்று முடிவான பிறகு பலர் கவனிக்காதது அடியின் சாய்வு. வி வடிவ அடியில் தட்டையான டிரான்ஸ்டியூசரைப் போட்டால் அது நேரே கீழே பார்க்காது. 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கூம்பு சுமார் 12 டிகிரி என்று வையுங்கள். 30 மீட்டரில், அதாவது 16 பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி), அது தரையில் மறைக்கும் வட்டம் 6 மீட்டர் சொச்சம். அடி 12 டிகிரி சாய்ந்திருந்தால் கூம்பின் நடு 6.4 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். உங்கள் படகுக்கு நேர் கீழே இருக்கும் பாரை நீங்கள் பார்க்கவே இல்லை என்று பொருள். 50 கிலோஹெர்ட்ஸில் கூம்பு 45 டிகிரி வரை விரியும் செட்டுகளில் இது அவ்வளவாகத் தெரியாது.

இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, உள்ளேயே 12 அல்லது 20 டிகிரி சாய்த்துச் செய்த டிரான்ஸ்டியூசர். ஏர்மார் போன்ற கம்பெனிகள் தயாரிக்கின்றன. 600 வாட் அளவுக்கு இது போதும், வெளியே ஒன்றும் நீட்டாது. மற்றது ஃபேரிங் பிளாக். அடியின் சாய்வுக்கு ஏற்ப அறுத்த கட்டையை வெளியிலும், அறுத்ததில் மிஞ்சிய துண்டை உள்ளேயும் வைத்து முறுக்குவது. பெரிய டிரான்ஸ்டியூசருக்கு இதை விட்டால் வழியில்லை. உள்ளே ஒட்டுபவருக்கும் இதே சாய்வுப் பிரச்சினை உண்டு. அதற்கென்று 22 டிகிரி வரை திருப்பி நிறுத்தும் தொட்டி வகை வருகிறது.

உலோகத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மரத்துக்கும் ஃபைபருக்கும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்). மரத்தில் பிளாஸ்டிக் கூடாது, பலகை ஊறிப் பருத்தால் கழுத்து விரிசல் விடும். இரும்புப் படகில் கன்மெட்டல் போட்டால் கடல்நீரில் சுற்றியுள்ள தகடு அரிக்கும், அங்கே இன்சுலேஷன் புஷ்ஷோடு ஸ்டெயின்லெஸ். பித்தளை எதற்குமே வேண்டாம். துத்தநாகம் கரைந்து போய் சிவந்து நொறுங்கும்.

இடம், புரொப்பல்லருக்கு நன்றாக முன்னால். மெதுவாகப் போகும் கனத்த படகில் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் வைப்பது வழக்கம். அதற்கும் முன்னே போனால் அலையில் அணியம் தூக்கும்போது காற்றில் நிற்கும். கூலிங் தண்ணீர் இழுக்கும் வாய்க்குப் பின்னால் வைக்காதீர்கள். அடியின் நடுவே நீளமாக ஓடும் ஏராக்கட்டைக்கு மிகவும் ஒட்டினால் கூம்பின் ஒரு பக்கத்தை ஏராவே மறைக்கும். புரொப்பல்லர் இலை கீழ்நோக்கி இறங்கும் பக்கம் நல்லது. பின்னாலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றானால் அது வலப்பக்கம்.

துளை போடுவது ஓடாவிக்கு (படகு கட்டும் தச்சர்) பத்து நிமிட வேலை. உள்ளிருந்து 3 மில்லிமீட்டர் டிரில்லால் வழி பார்த்து, வெளியே வந்து ஹோல்சா (வட்டமாக அறுக்கும் வாள்) பிடித்து, நேர்குத்தாக இறக்க வேண்டும். சாய்வு டிரான்ஸ்டியூசர் என்றால் துளை அடிக்குச் செங்குத்தாக, ஃபேரிங் என்றால் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக. இது மாறினால் பிளாக் உட்காராது. ஹோல்சாவுக்குள் மாட்டி வரும் வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் ஓரத்தைப் பார்த்தால் படகின் ஜாதகமே தெரியும்: மேட் (கண்ணாடியிழை விரிப்பு) எத்தனை அடுக்கு, ரெசின் ஊறாத வெள்ளைப் பட்டை இருக்கிறதா, நடுவில் ஃபோம் இருக்கிறதா. ஃபோமோ பால்சா என்ற மென்மரமோ தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். துளையைச் சுற்றி அந்த நடுப்பொருளைக் குடைந்தெடுத்து, எப்பாக்சி நிரப்பி இறுகிய பிறகுதான் மேற்கொண்டு வேலை. இல்லாவிட்டால் நட்டு முறுக்கும்போது அடி நசுங்கும், கசியும் தண்ணீர் அடுக்குக்குள்ளேயே நடந்து போகும்.

சீலன்ட் பாலியூரிதேன். குளியலறைச் சிலிக்கான் தண்ணீருக்கு அடியில் நிற்காது. சிகாஃப்ளெக்ஸ் 291 வகை என்றால் பிறகு கழற்றலாம். த்ரீஎம் 5200 முழுதாக இறுக 5 முதல் 7 நாள் பிடிக்கும், அதற்கப்புறம் கழற்ற நினைத்தால் ஃபைபரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். விளிம்பு சுற்றிலும் முழு வட்டமாகப் பிதுங்க வேண்டும், ஓரிடத்தில் பிதுங்காவிட்டால் அங்கேதான் ஒழுகும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் முறுக்கியதோடு விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் இறக்கியதும் முதலில் திரையைப் பார்க்க ஓடாமல், உள்ளே குனிந்து நட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சில மணி கழித்து மறுபடியும். அன்று ராத்திரி படகில் ஆள் இருக்கட்டும், சிறு கசிவு கண்ணுக்குத் தெரியாமலே விடிவதற்குள் தண்ணீர் தேங்கிவிடும். கேபிளை வெட்டிச் சுருக்கக் கூடாது, மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். ஆல்டர்னேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் திரையில் கோடு விழும். டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசுக்கு அடிக்கும் பெயின்ட் தண்ணீரில் கரையும் வகையாக இருக்க வேண்டும், அசிடோன் ஜாதித் தின்னர் கலந்தது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இறக்கிய புதிதில் படம் மங்கலாக வந்தால் பதற வேண்டாம். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்து குமிழி ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் தொட்டுத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.