மோட்டார் ரூமில் ஒரு பை: மூன்றரை வருஷ சீரியல் அனுபவம்

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் ரூமில், சுவரில் அடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ராஸ்ப்பெர்ரி பை 3 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்று மூன்றரை வருஷமாக ஓடுகிறது. போர் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எனர்ஜி மீட்டரிடம் கேட்பதும், சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் என்று சென்சாரிடம் கேட்பதும்தான் அதன் வேலை. 2022இல் புது போர்டு எதுவும் நியாயமான விலைக்குக் கிடைக்காததால் வீட்டு மேஜை டிராயரில் தூங்கிய பழசை எடுத்து மாட்டினேன். "இதுக்குப் பேரு பைண்ணே" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தேன். "எந்தப் பை சார்? டப்பால்ல இருக்கு?" என்றார்.

முதல் மாதத்தில் இதை எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது நிதானமாகச் சொல்லலாம்.

மீட்டர் பேசுவது ஆர்எஸ்485 என்ற சீரியல் கம்பி இணைப்பு வழியாக. பேசும் மொழி மோட்பஸ்: நாம் கேள்வி கேட்டால் அது பதில் சொல்லும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டதும், "எல்லாரும் இதத்தான் சார் வாங்குறாங்க" என்று அந்த இணைப்பைப் பையோடு சேர்க்கும் மேக்ஸ்485 மாட்யூலை நீட்டினார்கள். நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் அது 5 வோல்ட் சிப். அதன் வெளியீட்டை அப்படியே பையின் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்னில் கொடுத்தால் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பின் போய்விடும். ஒரு 1 கே, ஒரு 2 கே ரெசிஸ்டரை வைத்து 5 வோல்ட்டை 3.3க்கு இறக்கி ஓட்டினேன். பிறகு 3.3 வோல்ட்டிலேயே ஓடும் மேக்ஸ்3485க்கு மாறினேன். முதலிலேயே அதைக் கேட்டு வாங்கியிருந்தால் ஒரு மாலை மிச்சம்.

வயர் மாட்டியதும் வந்தது குப்பை. சில நேரம் பாதி பதில், சில நேரம் ஒன்றுமே இல்லை. காரணம் எளிது: பையின் அந்த சீரியல் போர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். லினக்ஸ் தன் லாகின் கன்சோலை அங்கேதான் திறந்து வைத்திருக்கிறது. மீட்டர் அனுப்பும் பைட்டில் பாதியை அது தின்றுவிடும், மீதிதான் நம் நிரலுக்கு. பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் பகுதிக்குப் போனால் இரண்டு கேள்வி வரும். லாகின் ஷெல் வேண்டுமா என்பதற்கு 'இல்லை', ஹார்ட்வேர் வேண்டுமா என்பதற்கு 'ஆம்'. பலர் இரண்டுக்குமே 'இல்லை' கொடுத்துவிட்டு போர்ட்டையே காணோம் என்று தேடுவார்கள். நானும் தேடினேன்.

அடுத்ததுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கியது. பையில் அனுப்பும் 8ஆம் பின்னையும் வாங்கும் 10ஆம் பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து, மினிகாம் என்ற சீரியல் நிரலில் தட்டினால் தட்டிய எழுத்து திரும்பி வந்தது. அப்படியென்றால் போர்ட் சரி, நிரல் சரி, மீட்டர்தான் பேச மறுக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். மீட்டரைக் கழற்றி வீட்டுக்குக்கூடக் கொண்டுவந்தேன். லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டரோடு மாட்டினால் மணி அடித்தாற்போல் பதில் சொல்கிறது!

என் மீட்டர் வினாடிக்கு 9600 பிட், ஈவன் பாரிட்டி, அதாவது பிழை தெரிவதற்காக ஒவ்வொரு பைட்டோடும் கூடுதலாக ஒரு பிட். சீரியல் போர்ட்டை ஓட்டும் சர்க்யூட்டுக்கு யுஆர்ட் என்று பெயர். பை 3இல் நல்ல யுஆர்ட்டை ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, பின்களில் மினி யுஆர்ட்டை விட்டிருக்கிறார்கள். இந்த மினிக்குப் பாரிட்டியே கிடையாது. நிரலில் ஈவன் என்று எழுதியிருந்தேன், எந்தப் பிழையும் காட்டாமல் வாங்கிக்கொண்டது. கம்பியில் போனதோ பாரிட்டி பிட் இல்லாத பைட். மீட்டர் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டது. ஜம்பர் சோதனையில் ஏன் தெரியவில்லை? அனுப்புவதும் வாங்குவதும் ஒரே மினி. இரண்டு பக்கமும் பாரிட்டி இல்லையென்றால் கணக்கு ஒத்துத்தானே போகும். இதெல்லாம் ஆவணத்தில் ஒரு அட்டவணையாகவே இருக்கிறது, படிக்காதது நான்தான்.

கான்ஃபிக் கோப்பில் ப்ளூடூத்தை முடக்கும் ஓவர்லே ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்ததும் பெரிய யுஆர்ட் பின்களுக்கு வந்தது. மோட்டார் ரூமில் ப்ளூடூத் யாருக்கு வேண்டும்? எட்டு பைட் கேள்வி, ஒன்பது பைட் பதில்: பாரிட்டியோடு ஒரு பைட்டுக்கு 11 பிட் வைத்தாலும் மொத்தம் 20 மில்லிசெகண்ட்கூட இல்லை. முதல் முறை 231 வோல்ட் என்று திரையில் வந்தபோது மணி இரவு பதினொன்றே முக்கால். எழுப்பிக் காட்ட வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை.

அதன்பின் மூன்றரை வருஷத்தில் போர்ட் தானாக நின்றது ஒருமுறைகூட இல்லை. வந்த தொல்லையெல்லாம் வெளியிலிருந்துதான்.

மோட்டார் ஸ்டார்ட்டர் 'டக்' என்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிஆர்சி பிழை வந்தது, அதாவது செய்தி வழியில் கெட்டுப்போனது. ஆர்எஸ்485இன் ஏ, பி இரண்டு கம்பியை மட்டும் இழுத்துவிட்டு கிரவுண்டை விட்டிருந்தேன். பழைய லேன் கேபிளில் ஒரு முறுக்கு ஜோடியை ஏ, பிக்கும், வேறொரு கம்பியைக் கிரவுண்டுக்கும் எடுத்து, மோட்டார் கேபிளோடு ஒட்டிப் போகாமல் எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோனதும் நின்றது. இன்னொன்று: பதிலே வராவிட்டால் முதலில் ஏவையும் பியையும் மாற்றிப் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே கம்பியை ஏ என்று சொல்வதில்லை.

ஒரு வருஷம் கழித்து சம்ப் சென்சாருக்கும் பொது மீட்டருக்கும் இரண்டு சிஎச்340 யுஎஸ்பி அடாப்டர் சேர்த்தேன். 2023 டிசம்பர், மிச்சாங் புயல். மோட்டார் ரூமில் முழங்கால் தண்ணீர், கரண்ட் நாள்கணக்கில் இல்லை. டப்பா நெஞ்சு உயரத்தில் இருந்ததால் தப்பியது. கரண்ட் வந்ததும் போர்டு எழுந்துகொண்டது, ஆனால் இரண்டு அடாப்டரும் பெயரை மாற்றிக்கொண்டு எழுந்தன. மீட்டரிடம் போய்த் தண்ணீர் அளவு கேட்கிறது நிரல். வெளியே ஊரே ஏரி, திரையில் 'சம்ப்: தகவல் இல்லை'. அந்த அடாப்டர்களில் தனித்தனி சீரியல் எண் கிடையாது, அதனால் ஐடி வழியாக அடையாளம் காண முடியாது. எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான், அதாவது லினக்ஸ் 'by-path' என்று சொல்லும் வழியில்தான், பிரிக்க வேண்டும். மனைவியின் நெயில் பாலிஷால் துளைக்கும் பிளக்குக்கும் ஒரே நிறப் பொட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது இருக்கும் குறை ஒன்றே ஒன்று. ஜம்பர் வயரின் பெண் முனைகள் நம் ஊர் ஈரக் காற்றில் பச்சை பூத்துவிடுகின்றன, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சால்டர் அடித்துவிடலாம்தான், சோம்பல். பை 4 என்றால் கூடுதல் யுஆர்ட்களைப் பின்களிலேயே திறந்துகொள்ளலாம், யுஎஸ்பி தலைவலியே இருக்காது. இது சாகட்டும் என்று காத்திருக்கிறேன், சாகமாட்டேன் என்கிறது.

போன வாரம் லாரித் தண்ணீர் சொல்லணுமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் சம்ப் மூடியைத் திறக்கவில்லை, டப்பாவைத்தான் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு வரைக்கும் வரும் சார். பை சொல்லுது."