மெய்சோனா, இஹாபாவா?

1970களின் எத்தியோப்பியப் புரட்சியைப் படித்தவர்கள் யாராக இருந்தாலும், மெய்சோன், இஹாபா என்ற இரண்டு இடதுசாரிக் கட்சிகளில் கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நான் இஹாபா பக்கம், அதாவது எத்தியோப்பிய மக்கள் புரட்சிக் கட்சியின் பக்கம். அதன் கையிலும் ரத்தம் உண்டு என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இரண்டு கட்சிகளும் ஒரே மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவை. ‘உழுபவனுக்கே நிலம்’ என்று 1965இல் அடிஸ் அபாபா தெருக்களில் முழங்கிய தலைமுறை அது. மெய்சோன் என்கிற அனைத்து எத்தியோப்பிய சோசலிச இயக்கம் 1968இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. இஹாபாவின் மூல அமைப்பு உருவானது 1972இல், மேற்கு பெர்லினில். கொள்கை அறிக்கைகளில் பெரிய பேதம் தேடவேண்டாம்.

பேதம் ராணுவத்தை என்ன செய்வது என்பதில்தான். 1974 செப்டம்பரில் மன்னர் ஹைலி செலாசியை இறக்கிவிட்டு டெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. அதிகாரத்தை இடைக்கால மக்கள் அரசிடம் ஒப்படை என்றது இஹாபா. மெய்சோன் 1975 மார்ச் நிலச் சீர்திருத்தத்தைப் பார்த்துவிட்டு ‘விமர்சனபூர்வ ஆதரவு’க்குப் போனது. அந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. குத்தகை முறை ஒழிந்தது, குடும்பத்துக்கு 10 ஹெக்டேர் உச்சவரம்பு வந்தது. செய்தது ராணுவம்தானே? அதனால் மெய்சோன் தலைவர் ஹைலி ஃபிதா, வெகுஜன அமைப்புகளைக் கட்ட டெர்க் திறந்த அலுவலகத்துக்கே தலைவரானார்.

என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்ப்பது கெபெலே. 1975 ஜூலையில் நகர நிலமும் வாடகை வீடுகளும் அரசுடைமையானபோது, வட்டாரம்தோறும் அமைந்த சங்கம் இது. குறைந்த வாடகை வீடுகளின் வாடகையை வசூலிப்பது அதன் வேலை. ஆக, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது அதற்கு அத்துப்படி. பிறகு அதற்கு நீதிமன்றம் வந்தது, காவல் படை வந்தது, துப்பாக்கியும் வந்தது. கெபெலேக்களுக்குள் ஆளமர்த்தி மக்கள் அதிகாரம் கட்டுவதாக மெய்சோன் நம்பியது. ஆனால் தோட்டா டெர்க்குடையது. 1977 பிப்ரவரி 3ஆம் தேதி டெர்க்கின் தலைவர் தெஃபெரி பாந்தியையே அதே குழுவின் ராணுவ அதிகாரி மெங்கிஸ்டு தீர்த்துக்கட்டிய பிறகு அந்தத் துப்பாக்கிகளுக்கு ஒரே எஜமானர்தான். மார்ச்சிலும் மே மாதத்திலும் வீடு வீடாகச் சோதனை நடத்தி இஹாபா ஆட்களை வேட்டையாடினார்கள். மே தினத்துக்கு முன் மட்டும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். மெய்சோன் இதற்குத் துணை நின்றது.

ஆகஸ்டில் அதே மெய்சோன் டெர்க்குடன் முறித்துக்கொண்டு தலைமறைவானது. எங்கே ஒளிவது? அவர்கள் முகங்களை அந்த வட்டாரங்கள் முழுவதும் அறியும். ஹைலி ஃபிதா பிடிபட்டு 1979இல் கொல்லப்பட்டார். கூட்டணி வைக்கலாம், தப்பில்லை. முறியும் நாளில் ஒதுங்க இடம் வைத்துக்கொள்ளாமல் வைப்பதுதான் தப்பு. இஹாபாவுக்குத் தலைமறைவுக் கிளைகள் இருந்தன, வடக்கே திக்ராய் மலையில் அசிம்பா தளமும் இருந்தது. 1978இல் அந்தப் பகுதியின் இன்னொரு கிளர்ச்சிப் படையான திக்ராய் மக்கள் விடுதலை முன்னணி அங்கிருந்து விரட்டியபோதும், மிச்சமிருந்தவர்கள் கோண்டர் பக்கம் போய் 1980களிலும் தாக்குப்பிடித்தார்கள்.

இஹாபாவின் கணக்கில் எழுத வேண்டியதும் உண்டு. 1976 செப்டம்பரில் மெங்கிஸ்டுவைக் கொல்ல முயன்றது. அடுத்து மெய்சோனின் ஃபிக்ரே மெரித்தைச் சுட்டது. முதலில் கொலைக்கு இறங்கியது யார் என்று இரு தரப்பிலும் எஞ்சியவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நகரத்தில் ஆயுதப் போர் வேண்டாம் என்று உள்ளேயிருந்து எதிர்த்த கெடாச்சு மாருவைக் கட்சியே கொன்றது. இதற்குச் சப்பைக்கட்டு கட்ட என்னால் முடியாது.

நான் சாய்வதும் தலைநகரக் கணக்கை வைத்துத்தான். தெற்கே, தலைமுறை தலைமுறையாகக் குத்தகை அளந்த ஓரோமோ உழவரிடம் போய், நிலம் கொடுத்த ராணுவத்தைக் கவிழ்ப்போம் வா என்றால் எத்தனை பேர் எழுந்து வந்திருப்பார்கள்? ஓரோமோ மொழிக்கு லத்தீன் எழுத்தில் இலக்கணம் எழுதிய ஹைலி ஃபிதாவின் பேச்சு அங்கே கூடுதலாக எடுபட்டிருக்கலாம்.