ஸ்டீரியோ மாட்டியபின் மீட்டர் லைட் எரியவில்லையா? உடனே வண்டியின் பின்னால் போய்ப் பாருங்கள்

சமீபத்தில் காரில் ஸ்டீரியோ மாட்டியவர்கள் இதைப் படித்தால், முதலில் கீழே போய்ப் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு வண்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். இரண்டு சிவப்பு விளக்கும் எரிகிறதா, நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா? பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சென்னையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினேன். பதினோரு வருடப் பழைய வண்டி. ஃபிட்டிங்கோடு சேர்த்து 9,500 ரூபாய். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பாட்டு நன்றாகக் கேட்டது, ரிவர்ஸ் கேமரா தெரிந்தது. பட்டப்பகல் என்பதால் வேறெதையும் சோதிக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே குடும்பத்தோடு விழுப்புரம் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டி இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். ரோட்டில் வெளிச்சம் விழுந்தது, மீட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது. ஏசி பட்டன்களிலும் வெளிச்சம் இல்லை. பல்பு ஏதாவது போயிருக்கும், ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே போனேன். ஆத்தூர் டோலில் பின்னால் நின்ற லாரி டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"பின்னாடி ஒரு லைட்டும் எரியல சார். நீங்க பிரேக் அடிச்சப்புறம்தான் முன்னாடி வண்டி இருக்கிறதே தெரிஞ்சுது. பசங்கள வெச்சுக்கிட்டு இப்படியா வருவீங்க?"

பின்சீட்டில் என் பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாகவே திண்டிவனம் வரை உருட்டிப் போய், லாட்ஜில் தங்கி, விடிந்த பிறகுதான் கிளம்பினோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "ஸ்டீரியோவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். பழைய வண்டி, பல்பு போயிருக்கும். மீட்டரைக் கழட்டணும், 1,800 ஆகும்" என்றார்கள். பின்லைட்டும் சேர்ந்தா போகும் என்று கேட்டதற்கு, அப்படியும் ஆகும் என்று பதில். டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் இரவு, ஸ்டீரியோ பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை.

எங்கள் தெருமுனையில் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் முதலில் பியூஸ் பாக்ஸ் மூடியைத்தான் திறந்தார். மூடியில் பார்க் லைட் பியூஸ் இடத்துக்கு 10 என்று போட்டிருந்தது. அவர் பிடுங்கிக் காட்டிய பியூஸ் பச்சை நிறம். "பத்து ஆம்பியர்னா சிவப்பா இருக்கணும் தம்பி. பச்சை முப்பது. பியூஸ் போகாது, வயர்தான் எரியும்" என்றார்.

பிறகு ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். வயர்களை ஒன்றோடொன்று சொருகி இணைக்கும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, எல்லா வயரையும் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இரவில் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பார்க் லைட் லைனிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு வயர் வரும். அந்த ஜாயின்ட்டில் சூட்டுக்கு டேப் பசை இளகி நழுவி, செம்பு வெளியே தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இரும்பு கிளாம்பில் தொட்டும் தொடாமலும் உரசி எர்த் ஆகியிருக்கிறது. என் வண்டியில் மீட்டர் வெளிச்சம், பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே பியூஸில்தான் ஓடுகின்றன. அந்த பியூஸ் போனதால்தான் மொத்தமாக அணைந்திருக்கிறது. பிரேக் லைட்டும் ஹசார்டும் வேறு பியூஸ் என்பதால் தப்பித்தன. கோளாறு எங்கே என்று தேடாமல் பெரிய பியூஸைச் சொருகி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சாண் நீளத்துக்கு வயர் உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டிக்கிடந்தது.

மீட்டர் ஸ்க்ரூக்களில் பதினோரு வருடத் தூசு அப்படியே இருந்தது. யாரும் கழற்றவே இல்லை.

கருகிய வயரை மாற்றி, சோல்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, என் மாடலுக்கான கப்ளர் கிட் வாங்கி மாட்டிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். கப்ளர் கிட் இருந்தால் கம்பெனி வயரில் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். கடைக்குப் போகும்முன் அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வேலையைத் தொடவிடாதீர்கள். மீட்டர் வெளிச்சம் குறைக்கவே முடியாமல் முழுதாகவே நின்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வயரைக் கொண்டுபோய் எர்த்தில் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ செட்டிங் எல்லாம் அழிந்தால் எப்போதும் கரண்ட் தரும் மஞ்சள் வயரும் சாவி போட்டால் மட்டும் தரும் சிவப்பு வயரும் மாறியிருக்கக்கூடும். எதுவானாலும், பியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

பச்சை பியூஸோடு கடைக்குப் போய் 1,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "நாங்க போட்டதுன்னு என்ன ஆதாரம்?" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915 இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருப்பது விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவில் கிறுக்கிய ஒரு தொகைதான். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள், நானும் வேண்டாம் என்றுவிட்டேன்.